“பிரஷர் நார்மல்தான் அக்கா”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து போகும் ஒரு சின்ன கிளினிக்கில் மொழிபெயர்த்துச் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்படிப் போவது என் வழக்கம். எதிரே டாக்டர், சீனப் பெண், பொறுமையானவர். பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி. ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். அறந்தாங்கிப் பக்கம், இருபத்தேழு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்று வந்திருந்தார்.

சமீபத்தில் மனச்சோர்வு ஏதும் உண்டா என்று கேட்கச் சொன்னார் டாக்டர். நான் கேட்டேன். “தம்பி, உங்களுக்கு மன அழுத்தம் மாதிரி ஏதாவது இருக்கா?”

“இல்லக்கா. போன மாசந்தான் கம்பெனில பாத்தாங்க. பிரஷர் நார்மல்தான் அக்கா.”

இல்லை என்கிறார் என்று நானும் சொல்லிவிட்டேன். டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார். எட்டிப் பார்த்தால், ‘மனச்சோர்வு இல்லை என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்குப் பகீரென்றது. அந்தத் தம்பி சொன்னது இரத்த அழுத்தத்தைப் பற்றி. பத்திரிகையிலும் ரேடியோவிலும் நாம் சாதாரணமாகப் புழங்கும் ‘மன அழுத்தம்’ என்ற சொல் அவர் காதில் பிரஷராக விழுந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு திரும்ப ஆரம்பித்தேன்.

“தம்பி, மனசு எப்படி இருக்கு?”

“மனசுக்கு என்னக்கா, நல்லாத்தான் இருக்கு. ராத்திரி படுத்தா நெஞ்சுதான் படபடன்னு அடிச்சுக்குது. உச்சந்தலைல சூடு ஏறுது. கை கால்ல நரம்பெல்லாம் இழுக்குது. சோறு எறங்கல. காலைல நாலரைக்கு லாரி வரும், அப்பதான் கண்ணு சொருகும்.”

“இது எதனால வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?”

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்கு மேல் கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. ஊரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அம்மா கொடுத்து அனுப்பியது. “காத்து பட்டிருக்கும்னு அம்மா சொல்றாங்கக்கா. பழைய சைட்ல ஒருத்தரு மேலேர்ந்து விழுந்துட்டாரு. அந்த எடத்தத் தாண்டித்தான் அப்ப நான் நைட் ஷிப்ட் போவேன்.”

கூட வேலை செய்தவர் கண் முன்னால் இறந்துபோயிருக்கிறார். மறுநாளும் அதே இடத்தில் வேலை. அதுவரை அவரிடம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான் மொழிபெயர்த்து முடித்ததும் டாக்டர் திரையை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

அடுத்து, குரல்கள் ஏதும் கேட்கிறதா என்று கேட்கச் சொன்னார். மனநல டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. “கேக்கும்க்கா. கண்ணு அசர்றப்ப யாரோ பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆனா நான் பதில் சொல்றதில்ல.”

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. குரல் கேட்கிறது, அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். எந்த டாக்டருக்கும் இது பெரிய நோயின் அடையாளமாகத்தான் தெரியும். ஆனால் ராத்திரியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது முறை கூப்பிடும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் அப்பாயி எனக்கும் சொல்லி வளர்த்த பாடம். அந்தத் தம்பிக்கும் ஒரு அப்பாயி இருந்திருப்பார். இதை டாக்டரிடம் விளக்கினேன். தூக்கத்தின் விளிம்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்பது நல்ல ஆரோக்கியமான பலருக்கும் வருவதுதான் என்று அவர் எனக்கு விளக்கினார். எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

நம் ஆட்கள் மனதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள் என்று இங்கே கருத்தரங்குகளில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நாள் முழுக்கப் பேசுகிறோம். நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது, வயிறு எரிகிறது. இத்தனையும் மனதைப் பற்றிய பேச்சுதான். பித்து என்ற சொல்லே பித்தத்தோடு ஒட்டிப் பிறந்ததுதானே. பித்தம் தலைக்கேறிவிட்டது, எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி என்று ஒரு அம்மா போனில் சொல்கிறார் என்றால், மகனுக்கு மனசு சரியில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மகனும் தேக்கா சந்தையில் பழம் வாங்குவார், நன்றாகத் தேய்த்துக் குளிப்பார். எங்கள் கேள்வித்தாளுக்கு மட்டும் ‘இல்லை’ என்று பதில் சொல்வார்.

இதில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்கு வரும் தம்பிகள் அதிகம் சொல்லும் நோய்ப் பெயர் இதுதான். தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்திலும் விளம்பரமாகப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன சொல். தூக்கமின்மை, அசதி, பயம், ஆண்மைக் கவலை எல்லாவற்றையும் அது ஒரே மூட்டையில் கட்டிவிடும். நம் ஊர்ச் சரக்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1869ல் ஜார்ஜ் பேர்ட் என்ற அமெரிக்க டாக்டர் சொல்லுக்குச் சொல் இதே பொருள் தரும் ஒரு பெயரை ஒரு நோய்க்கு வைத்துப் பிரபலமாக்கினார். நரம்பின் சக்தி தீர்ந்துபோவதால் வரும் நோய் என்றார். மேற்கில் அந்தப் பெயர் பிறகு மங்கிவிட்டது. சீனாவில் நன்றாக வேரூன்றியது. 1980ல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஹூனான் மாநிலத்துக்குப் போய், இந்த ‘நரம்பு பலவீனம்’ என்று சொல்லி வந்த 100 பேரை விசாரித்துப் பார்த்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வு. கலாசாரப் புரட்சியில் அடிபட்டு மீண்டுகொண்டிருந்த காலம் அது. மனம் உடைந்துவிட்டது என்று வெளியே சொன்னால் அரசியல் சிக்கல் வரும். நரம்பு பலவீனம் என்றால் லீவு கிடைக்கும்.

துவாஸ் பக்கம் ஏதாவது ஒரு கட்டுமான இடத்தில் நம் தம்பியும் ஹூனானிலிருந்து வந்த ஒரு தொழிலாளியும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருக்கலாம். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பேருடைய நோய்க்கும் ஒரே பெயர். சொல்ல முடியாத வலியைச் சொல்லக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது தமிழனுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பைத்தியம் என்பதற்குப் பதிலாக ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவோம். சென்னையில் கீழ்ப்பாக்கம். கொழும்பில் அங்கொட. மலேசியத் தமிழர்களுக்கு ஈப்போ பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தான். சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ். எந்த ஊரில் வளர்ந்தவர் என்பதை அவர் வாயில் வரும் ஆஸ்பத்திரிப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். இத்தனைக்கும் இந்தத் தீவில் மனநோயாளிகளுக்கான முதல் மருத்துவமனை 1841ல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சேரும் முனையில், 30 படுக்கைகளோடு கட்டப்பட்டது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1928ல் அது இயோ சூ காங் சாலைக்குப் போனது. 1951ல் உட்பிரிட்ஜ் என்று பெயர் வந்தது. 1993ல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. பெயர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், வீட்டில் பிள்ளை அடம்பிடித்தால் ‘உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவேன்’ என்று சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, காத்து கருப்புக்கு வருகிறேன். கிளினிக்குக்குப் போக ஆரம்பித்த புதிதில், இதையெல்லாம் துடைத்து எறிந்தால்தான் இவர்களுக்கு விடிவு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவனுக்குக் காத்து பட்டுவிட்டது என்றால் அதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை. அவன் பலவீனமானவன் இல்லை, கோழை இல்லை, சோம்பேறி இல்லை. வெளியிலிருந்து ஏதோ வந்து பிடித்திருக்கிறது, விரட்டினால் போய்விடும். அம்மா கோயிலுக்கு நடப்பார், அக்கா விரதம் இருப்பாள், மாமா பூசாரியைப் பார்ப்பார். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒருவனுக்காக ஒரு குடும்பமே கூடி நிற்கும். ‘உனக்கு டிப்ரஷன்’ என்று நாம் கொடுக்கும் சீட்டு அவனை அவனோடு தனியாக விட்டுவிடுகிறது. செய்வினை, கண்ணேறு, ஏழரைச் சனி, நேர்த்திக்கடன் பாக்கி என்று அவர்கள் சொல்லும் காரணம் எதுவானாலும், அதில் கூட நிற்க ஆள் இருக்கிறது.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று பாருங்கள். சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பழைய ஆட்கள் சொன்ன அதே கோயில். கற்பூரத் தட்டை இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் இடிக்கும் வரை நகராமல் நிற்கும் பையன்களைப் பார்ப்பீர்கள். பள்ளிவாசல் வாசலில் குழந்தைக்கு ஓதி ஊதச் சொல்லி இந்துத் தாய்மார்கள் காத்து நிற்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். தெலுக் ஆயர் தெருவில் 1830க்குள் நம் ஆட்கள் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா எழுப்பியதும் சும்மா இல்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு முதலில் தேவைப்பட்டது துணை.

கோயிலில் போய்த் தங்கினால் குணமாகும் என்பதில் விஷயம் இருக்கிறதா என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய, தீவிர மனநோய் உள்ள 31 பேர். பேய் ஓட்டுதல் போன்ற சடங்கு ஏதும் அங்கே கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் துணையோடு தங்குவார்கள், கோயில் வேலையில் கொஞ்சம் கை கொடுப்பார்கள். சில வாரங்களில் அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்திருந்தது. கடவுள் உண்டா இல்லையா என்பது என் வேலை இல்லை. கடிந்து பேசாத ஓர் இடமும் கூட ஓர் ஆளும் என்ன செய்யும் என்பதற்கு அதுவே எனக்குப் போதும்.

அதே நேரம், ஏர்வாடியை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்தும் ஒருவரை அங்கே ஒரு காலத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். நம்பிக்கை துணையாக இருக்கும் வரைக்கும் நல்லது. சங்கிலியைக் கையில் எடுத்தாலோ, மருந்தைத் தடுத்தாலோ அதற்கு நான் எதிரி. மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு மாத்திரை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். இப்போது ஏர்வாடியிலும் குணசீலத்திலும் அரசு மனநல டாக்டர்கள் கோயிலையும் தர்காவையும் ஒட்டியே உட்கார்ந்து மருந்து கொடுக்கிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம். மருந்தும் துவாவும் சேர்ந்த அந்த ஏற்பாட்டைத்தான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். தொழிலாளர்கள் ஏன் மனநல சிகிச்சைக்கு வருவதில்லை என்று கேட்டால் உடனே ‘கலாசாரம்’ என்று ஒரு பதில் வரும். மூடநம்பிக்கை, விழிப்புணர்வு இல்லை, வெட்கம். இதெல்லாம் கொஞ்சம் உண்மை. ஆனால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்காரும் தம்பி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பேயைப் பற்றியது இல்லை. “அக்கா, இது கம்பெனிக்குத் தெரியுமா?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏஜெண்ட் கடன் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியது, நகையை வைத்தது, நிலத்தை வைத்தது. வொர்க் பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணைப்பத்திரம் கட்டியிருக்க வேண்டும். ஓர் ஆள் ‘மெண்டல்’ என்று பெயர் வாங்கினால் அவரை வைத்துக்கொள்வதைவிட விமானம் ஏற்றிவிடுவது சில முதலாளிகளுக்குச் சுலபமாகப் படுகிறது. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியான ஓர் ஆய்வில் இதைப் பார்த்திருக்கிறார்கள். காயம்பட்டோ சம்பளப் பாக்கிக்காகவோ புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தெற்காசியத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் தீவிர மனநோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. அதோடு சேர்ந்து வந்தவை ஏஜெண்ட் கடன், தங்குமிடப் பிரச்சினை, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல். காத்து கருப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

2020ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 5ஆம் தேதி முதல் தொழிலாளர் விடுதிகளை, உள்ளே இருந்தவர்களோடு, ஒவ்வொன்றாக மூடினார்கள். விடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் அந்த ஆண்டு முடிவதற்குள் 47 விழுக்காட்டினருக்குக் கொரோனா வந்து போயிருந்தது என்று மனிதவள அமைச்சே பின்னர் சொன்னது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், கேட்டரிங் சாப்பாடு, ஊரில் அப்பா சாவுக்குப் போக முடியாமல் வீடியோ காலில் கொள்ளி பார்த்த பிள்ளைகள். கோயில் இல்லை, தேக்கா இல்லை, சொந்த ஊர்க்காரனைப் பார்த்து ஒரு டீ குடிக்க வழியில்லை. அவர்களிடம் இருந்த அத்தனை மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டோம். சில உயிர்கள் போயின. நவம்பரில் ‘டான்’ என்ற பெயரில் அரசு, மனநலக் கழகம், ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் சேர்ந்து தொழிலாளர்களுக்கு ஒரு மனநலத் திட்டம் தொடங்கின. அது நல்ல காரியம். 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் என்ற கணக்கில், தேக்காவுக்கு வர விட்டார்கள். ஒன்றரை வருடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்கள்தான் இப்படி, நாம் படித்தவர்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காண்டோவில் இருக்கும் நம் ஐடி குடும்பங்கள் பேயை நம்புவதில்லை. ‘வில் பவர்’ இல்லை என்பார்கள், யோகா பண்ணு என்பார்கள், பெண்ணுக்கு வரன் அமையாது என்று மருந்துச் சீட்டை ஒளிப்பார்கள். காத்து கருப்பு என்று சொல்லும் அம்மாவிடம் இருக்கும் கருணை அந்தப் பேச்சில் இல்லை. 2016ல் எடுத்த தேசிய ஆய்வில் இந்த ஊர்க்காரர்களிலேயே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனநோய் வந்திருந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் எந்த உதவியும் தேடிப் போகவில்லை. இதுவும் கலாசாரம்தான்.

ஹூனானுக்குப் போனாரே, அந்த கிளைன்மன், டாக்டர்களுக்குச் சில கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எதைக் கண்டு பயப்படுகிறீர்கள்? நம் ஊர் நாட்டு வைத்தியர் நாடி பிடித்துக்கொண்டே கேட்கும் கேள்விகள்தான். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை நான் கிளினிக்கில் பயன்படுத்துவதில்லை. “தூக்கம் வருதா, சாப்பாடு எறங்குதா, முன்னாடி புடிச்ச எதுவும் இப்ப புடிக்காமப் போயிடுச்சா” என்று கேட்கிறேன். பதில் தானாக வருகிறது.

அந்தத் தம்பி ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டார். வீட்டில் அதற்கு ‘நரம்பு மாத்திரை’ என்று பெயர். தாயத்தைக் கழற்றச் சொல்லி டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இறந்துபோன அந்த மனிதர் பெயரில் கோயிலில் ஒரு மோட்ச தீபம் ஏற்றினால் நல்லது என்று அவரே முடிவெடுத்தார், கூட வேலை செய்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏற்றினார். அதற்கு அடுத்த வாரம் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கியதாகச் சொன்னார். மாத்திரையா, தீபமா என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடையிலோ கோயிலிலோ பேருந்திலோ பழக்கமான ஒரு தம்பி முகம் வாடிக் கிடந்தால், தூக்கம் வருதா என்று கேளுங்கள். காத்து பட்டுடுச்சு என்று சொன்னால் சிரிக்காதீர்கள், எங்கே, எப்போது என்று கேளுங்கள். உயிரை விடலாம் என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள், 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தையோ 6389 2222ல் மனநலக் கழகத்தையோ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் அவருக்கு வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமா என்று பயந்தால், 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை என்று சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிப் போகிறவராக இருந்தால் 14416 என்ற எண்ணைப் போனில் பதிந்து கொடுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், காசு கிடையாது.